ஏனையவை

கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி.
மாற்ற முகாமைத்துவம் என்றார்கள்.
திரையில் ஒரு வளைகோடு:
முதலில் மறுப்பு, பிறகு கோபம்,
கடைசியில் ஏற்றுக்கொள்ளல்.
மதியச் சோற்றுக்குப் பிறகு
கண் சொருகி எல்லோருமே
ஏற்றுக்கொள்ளலில் இருந்தோம்.

கோண்டாவில் டிப்போவில் வளைகோடு இல்லை.
நாற்பத்தொரு சாரதிகள்,
தேத்தண்ணிக் கறை படிந்த மேசை,
தவநேசன் அண்ணையின் பென்சில்.
வாற மாதம் தொட்டு
கடமைப் பட்டியலைக் கணினி போடும் என்றேன்.
ஒருவரும் மறுக்கவில்லை. கோபிக்கவுமில்லை.
"சரி மிஸ்."
பயந்தது அப்போதுதான்.

முதற் கிழமையே
மரியதாஸை இரவுக் கொழும்பு பஸ்ஸில் போட்டது.
செவ்வாயும் வெள்ளியும்
மனுசிக்கு இரத்தச் சுத்திகரிப்பு என்பது
பென்சிலுக்குத் தெரியும்.
எங்கும் எழுதி வைத்ததில்லை.
ஆனையிறவை இருட்டில் கடக்கமாட்டாத இராசகுலத்தை
நேரே அந்த இருட்டுக்கே அனுப்பியது.
பஸ்ஸைப் பளையில் நிறுத்திவிட்டு
எனக்குப் போன் எடுத்தார்.
ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

அதே கிழமை
பதினொரு வருசத்தில் முதல் தடவையாக
கொண்டக்டர் ஜெயசீலிக்கு
பகல் பருத்தித்துறை விழுந்தது.
பட்டியலுக்கு முன்னால் கனநேரம் நின்றாள்.
"மிஸ், இது பிழையில்லையே?"
தவநேசன் அண்ணைக்குக் கொண்டுவந்து கொடுக்க
வளவில் கறுத்தக்கொழும்பான் இல்லாதவள்.

இதற்குப் பயிற்சிக் கோப்பில்
பக்கம் தேடினேன். கிடைக்கவில்லை.

மென்பொருளில் காரணக் குறிகள் உண்டு.
ஒன்று சுகவீனம், இரண்டு மரணச் சடங்கு,
இடையில் எனக்கு விளங்காத சில,
ஏழு: ஏனையவை. நாற்பது எழுத்துக்கு இடம்.
தவநேசன் அண்ணையைப் பக்கத்தில் இருத்தினேன்.
"சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ,
மாம்பழத்தைத் தவிர."
முகம் கறுத்துப் போனார்.
அப்பாடா,
வளைகோட்டில் ஒரு புள்ளி.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
முதலாவது பெயரைச் சொன்னார்.
முடிக்கும்போது வாசல் கடையும் பூட்டியாயிற்று.

நேற்றுத் தலைமையகத்திலிருந்து அழைப்பு.
உங்கள் டிப்போவில் மட்டும்
ஏழாம் குறி ஏன் இவ்வளவு?
தரவு பிழையா?
இல்லை என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
என் சிங்களத்தில் சொல் இருக்கவில்லை.

போனை வைத்தால்
மேசையில் மரியதாஸின் துண்டு.
ஆஸ்பத்திரியில் முறை மாற்றிவிட்டார்களாம்.
அடுத்த கிழமையிலிருந்து
திங்களும் வியாழனும்.