பதினைந்து பாகம்

படுக்கும்போது கணியம் பார்த்துத்தான் படுத்தேன்.
ஐஸ் கம்பெனி விளக்கின் தலைமேல்
செல்போன் டவரின் சிவப்பு.
முழித்தபோது இரண்டுக்கும் நடுவே
நாலு விரல் இருட்டு.

விளக்குகள் நடப்பதில்லை.

பூமிநாதனை உலுக்கி எழுப்புவதற்குள்
திருப்பாலைக்குடிக்காரர் நண்டு வலைக்குள்
போய் உட்கார்ந்துவிட்டது வத்தை.
அன்றைக்கு வலையில் பட்டது நாங்கள்தான்.
மூன்று துண்டு வலைக்கு ஆயிரத்து எண்ணூறு.
மோர்ப்பண்ணைக்குத் திரும்பியதும்
நோட்டில், செலவுப் பக்கம்,
நங்கூரம் என்று எழுதினேன்.

அதை இழுத்து ஏற்றியபோதே பார்த்தோம்
கொக்கி முழுக்கக் கடல்தாழை.
தரையைப் பிடி என்று அனுப்பினால்
புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"கனம் பத்தல. பெருசா ஒண்ணு வாங்கணும்."
அவனுக்கு எதற்கும் கனம்தான் பதில்.
"ஆழம் எத்தனை?"
"மூணு பாகம்."
"கயிறு எத்தனை விட்டே?"
"அஞ்சு."
அதற்குமேல் பேசாமல்
கரையில் கட்டிக்கிடந்த வெள்ளாட்டைக் காட்டினேன்.
முளையை நேர் மேலே தூக்கு, வந்துவிடும்.
தரையோடு தரையாய் இழு,
ஆடுதான் களைக்கும்.

ராமநாதபுரத்தில் பழைய இரும்புக் கடை.
லாரியில் கிடந்த சங்கிலி, எடை போட்டு,
மூன்று பாகம் நீளம்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
சேலையெல்லாம் துரு.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டான்.

உப்பூர் பட்டறையில் இருதயசாமி
வளையத்தைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னான்:
"கயிறு தளர்ந்திருக்கணும், சங்கிலி கிடந்திருக்கணும்.
குடும்பத்துக்கும் இதேதான் அக்கா."
"கூலி எவ்வளவு?" என்று கேட்டேன்.

அப்புறம் கயிறு.
ஐந்தாம் பாகத்தில் சிவப்புத் துணி,
பத்தில் மஞ்சள், என்று கிழிக்கும்போதே உறைத்தது,
ராத்திரியில் ஏது நிறம்.
ஐந்தில் ஒரு முடிச்சு
பத்தில் இரண்டு
பதினைந்தில் மூன்று.
இனி உள்ளங்கை எண்ணிக்கொள்ளும்.
அணியத்து விளிம்பில் உரசி
நார் நாராய்ப் பிரிந்திருந்த இடத்தை வெட்டி எறிந்து
புதுக்கயிற்றுக்கு
பம்புசெட் ஓஸில் ஒரு முழம் உறை.

எல்லாம் முடிந்து
கயிற்றின் இந்தப் பக்கத்து முனையை,
படகோடு கட்டியிருக்கிற முனையைத் தேடினேன்.

அது எதிலும் கட்டியிருக்கவில்லை.

நாலு வருஷம்.
எத்தனை வாடை, எத்தனை கச்சான்,
நாங்கள் இரண்டு பேரும் தூங்கின தூக்கம் எத்தனை.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
அவன் பாய்மரத்தடியில் குனிந்து
எதையோ வெகுநேரம் தேடினான்.
எழுந்தபோது முனை அங்கே கட்டியிருந்தது,
ஒன்றுக்கு மூன்று முடிச்சாக.

மறுவாரம், அதே இடம், அதே வாடை.
போட்டதும் ஓட விட்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நடுச்சாமத்தில் எழுந்து
கயிற்றின்மேல் கை வைத்துப் பார்த்தேன்.
இழுபடுகிற நங்கூரம்
கயிறு வழியே பல் நறநறக்கும்.
இது விறைத்து நின்றது,
கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி விறைத்தது.
பேச்சே இல்லை.
சிவப்பு விளக்கு வெள்ளை விளக்கின்மேல்
வைத்தது வைத்தபடி.

காலையில் தூக்கப் போனால் வரவில்லை.

அவன் இழுத்தான். நான் இழுத்தேன்.
இருவருமாய் அணியத்தில் கால் உதைத்து இழுத்ததில்
வத்தைதான் மூக்கைத் தாழ்த்தி
தண்ணீர் குடித்தது.
காற்றும் விழுந்துவிட்டது.
பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம்,
ஏலத்துக்குப் போக வேண்டிய நண்டு
கூடைக்குள் சுரண்டிக்கொண்டிருக்க.

"கொக்கியோட பின்பக்கம் ஒரு சின்னக் கயிறு கட்டி
மேல ஒரு டப்பா மிதக்க விட்டிருந்தா,"
என்றான் பூமிநாதன், தண்ணீரைப் பார்த்தபடி,
"அதைப் பிடிச்சு இழுத்தா பின்னாடியே கழண்டிருக்கும்."

நோட்டை எடுத்தேன்.
டப்பா, சின்னக் கயிறு, எட்டு பாகம்.
வரவுப் பக்கம் காலியாய்க் கிடந்தது.
அதில் எழுதினேன்:
ராத்திரி நகரவில்லை.