தாடை

ஷட்டரைத் தொட்டால் கை சுடும் நேரத்தில்
தோட்டப்பாளையத்திலிருந்து வந்தார் எஸ்தர் பவுலின்.
செயற்கைப் பல் செய்பவர்.
கைக்குட்டையைப் பிரித்தார்:
செத்துப்போன கணினியிலிருந்து பிடுங்கிய
இரண்டு மெமரி ஸ்டிக்குகள்.
"இதுங்களுக்கு வேரு நல்லாத்தான் கீது."

கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தேன்.
இது இன்டெல். பழைய டிடிஆர் நாலையே போடலாம்,
அதற்கென்று தனி போர்டு, பணம் மிச்சம்.
கோர்கள் அதிகம். சூடும் அதிகம்.
அது ரைசன். டிடிஆர் ஐந்தைத் தவிர
வேறெதையும் வீட்டுக்குள் விடாது.
யார் வேகம் என்று ஒரு அட்டவணை காட்டினேன்,
எவனோ இருபத்திரண்டு டிகிரி அறையில்
உட்கார்ந்து அளந்தது.

அவர் நிமிர்ந்து எங்கள் மின்விசிறியைப் பார்த்தார்.
காலையிலிருந்து சுற்றாத மின்விசிறி.
"இந்தக் கணக்குல வேலூர் எங்க கீது?"

ரைசன் போர்டின்மேல் பழைய ஸ்டிக்கைப் பிடித்தேன்.
அடியில் இருக்கும் சின்ன வெட்டு
அரை நெல் தூரம் தள்ளி நின்றது.
அமுக்கினால் உடையும். உட்காராது.
நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி
"ஆமா, கடி சேரல" என்றார்.

ஒளிப்பானேன், நான் தள்ளிவிட நினைத்தது இன்டெல்லைத்தான்.
மூன்று போர்டுகள் தூசியில் கிடந்தன.
"மூணு வருஷம் கழிச்சு சிப்பு மட்டும் மாத்தணும்னா?"
பொய் சொல்ல வாயைத் திறந்தேன்.
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைசன்னா அநேகமா இதே போர்டுல மாத்தலாம்.
இன்டெல்லுல இந்தச் சாக்கெட்டுக்கு இதுதான் கடைசி,
அடுத்ததுக்கு போர்டும் போகும்.

"பல்லு போனா கட்டிக்கலாம் தம்பி.
தாடை போனா?"

ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பொன்முனைகள்மேல்
மூச்சுப் படாமல் சிப்பை இறக்கினேன்.
கொக்கியை மடக்கும்போது நெரியும் சத்தம் வரும்,
எத்தனை முறை கேட்டாலும் பல் கூசும்.
புது ஸ்டிக்குகள் இரண்டாவதிலும் நான்காவதிலும்.
சுவிட்ச்.

இருட்டு.
காற்றாடி ஓடுகிறது, திரை கறுப்பு.
முதல் தடவை அப்படித்தான்,
மெமரியும் சிப்பும் ஒன்றையொன்று தடவிப் பார்க்கும்,
நிமிஷக்கணக்கில். தெரியும்.
தெரிந்தும் சட்டை நனைந்தது.
இப்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.
ஆபீசர்ஸ் லைனில் ஆற்காட்டு பஸ் ஒன்று
ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துக்கொண்டு போனது.

"போயிட்டுதா?"
"இல்லக்கா. பழகிக்கிட்டு இருக்கு."
"புதுப் பல்லும் அப்படித்தான். நாக்கு ஒத்துக்காது."

வெளிச்சம் வந்தது.
பென் டிரைவைச் செருகினார்.
கஸ்பாக்காரர் யாருடையதோ கீழ்த்தாடை
சாம்பல் நிறத்தில் எழும்பி,
திக்காமல் திணறாமல்
எங்கள் இரண்டு பேர் முன்னால் சுழன்றது.

பழைய ஸ்டிக்குகளை மேசையிலேயே விட்டார்,
யாருக்காவது பொருந்துமாம். கைக்குட்டை மட்டும் பைக்குள்.
பில்லை மடித்தபடி படியிறங்கும்போது,
"மேல, இடது பக்கம், ஆறாவது.
ரொம்ப நாளா காலி போல."

என் நாக்கு அங்கேதான் இருந்தது.