பதிவு எண் பதினான்கு

நிமிடத்துக்கு ஆறு பிர்.
பேச்சுக்கும் அதே விலை, இருமலுக்கும் அதே விலை.
ஹெவான் கொடுத்த தாளில் விதிகள் இருந்தன:
சொன்னதைச் சொன்னபடி எழுது.
இலக்கணம் திருத்தாதே.
மூன்று வினாடிக்கு மேல் யாரும் பேசாவிட்டால்
அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று போடு.

அவள் ஆய்வின் தலைப்பு இரண்டு வரி நீளம்.
வெளிநாட்டு முதலீடு, பன்னாட்டு நிறுவனங்கள், சவால்கள்,
அவற்றைக் கண்டறியும் முறைகள்.
முதலில் கேள்வித்தாள் அனுப்பினாளாம்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிடச் சொல்லி.
எல்லாரும் நான்கு.
"நேரமில்லை, கிளம்பு என்பதைத்தான்
நான்கு என்று எழுதுகிறார்கள்" என்றாள்.
அதனால் நேர்காணல்.
ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட,
அவர் வேறொருவரைக் காட்ட,
பனிப்பந்து முறை என்று அதற்குப் பெயர்.
ஹவாசாவில் பனியைக் கண்டவர் யார்?
இங்கே உருண்டு பெருப்பது
ஏரிக்கரை மீன்சந்தையின் மாராபூ நாரைக் கூட்டம்.
ஒன்றுக்குக் குடல் கிடைத்தால்
பத்து வந்து நிற்கும்.

முப்பத்தொரு பதிவுகள்.
ஒருவர் டாலருக்காக வங்கி வாசலில் ஏழு மாதம் நின்றார்.
ஒருவரின் சட்டைப் பித்தான்கள்
ஜிபூட்டித் துறைமுகத்தில் நாற்பத்தாறு நாள் கிடந்தன;
பித்தான் வந்தபோது
சட்டை கேட்டவன் வேறு நாட்டுக்குப் போயிருந்தான்.
அதைச் சொல்லிவிட்டு அவர் எழுப்பிய ஓசைக்கு
சிரிப்பு என்று அடைப்புக்குறி போட்டேன்.
சரியான சொல் விதித்தாளில் இல்லை.

பதினான்காவது பதிவு, துருக்கிக்காரர்.
பெயரை எழுதக் கூடாது; மேலாளர் 14.
தொண்டையைச் செருமியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.
அந்தச் செருமலுக்கு
இரண்டு வருடம் முதுகு நிமிர்ந்திருக்கிறது.

உங்கள் மிகப் பெரிய சவால் எது என்கிறாள் ஹெவான்.
மின்வெட்டு என்கிறார். சுங்கம் என்கிறார்.
காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கிறார்.
"இந்த ஊர்ப் பெண்கள்.
பழக்கி முடித்ததும் போய்விடுகிறார்கள்.
ஏன் என்று தெரியவில்லை."

சொன்னதைச் சொன்னபடி அடித்தேன்.
ஏன் என்று தெரியவில்லை, முற்றுப்புள்ளி.

ஓர் அறை, நான்கு பேர், இரண்டு மெத்தை.
சம்பளம் கூடப்போவது
எங்களுக்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தெரியும்.
இரவு ஷிப்ட் பேருந்து பாலத்தோடு நின்றுவிடும்,
அப்புறம் இருட்டில் நடை.
பிசுனெஷ் செருப்பைக் கையில் பிடித்தபடி
ஓடிவந்து கதவைத் தாழிட்ட செவ்வாய்க்குப் பிறகு
நாங்கள் இருவரும் போகவில்லை.
மாதிரியில் இருந்த முப்பத்தொரு பேரும்
சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

திரும்ப ஓட்டினேன்.
அவர் குரலுக்கு அடியில், கண்ணாடிக்கு அப்பால்,
ஒரு தட்டல்: மூன்று சீராக, நான்காவது இழுத்து.
காதுக்கருவியை அழுத்திக்கொண்டேன்.
என் வலது பாதம் மேசைக்கடியில்
இல்லாத மிதியைத் தேடியது.

பின்னணி ஓசை என்ற கட்டத்தில் எழுதினேன்:
தையல் இயந்திரங்கள். ஏழாம் வரிசை.
ஒரு பெல்ட் தளர்ந்திருக்கிறது.
எண்பத்திரண்டு நிமிடம்,
நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிர்.
அனுப்பிவிட்டேன்.

இரவு பத்தரைக்கு ஹெவான் அழைத்தாள்.
கொள்கைக்கு நீலம், அந்நியச் செலாவணிக்கு மஞ்சள்,
தொழிலாளர் பிரச்சினைக்கு இளஞ்சிவப்பு என்று
வரிவரியாக நிறமடித்துக்கொண்டிருந்தாளாம்.
"ஏழாம் வரிசை என்று உனக்கெப்படித் தெரியும்?
நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பவேயில்லை."

ஒன்று. இரண்டு.
மூன்று தாண்டியது.
அடைப்புக்குறி போட அங்கே யாருமில்லை.

"அந்த பெல்ட்" என்றேன்,
"என் காலத்திலேயே மாற்றச் சொல்லியாயிற்று."

அவள் பக்கம் ஏதோ கிளிக்கென்றது.
"செனாயித்" என்றாள், "பதிவு செய்யலாமா?"