படிவத்தின் ஏழாம் நிரல்

நீளம் முப்பத்தொன்பது அடி.
அகலம் கிழக்கே பதினேழு, மேற்கே பதினாறரை.
மூலைமட்டம் பார்க்காமலே அத்திவாரம் போட்டிருக்கிறார்கள்,
அல்லது பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றிருக்கிறார்கள்.
சுவரின் கனம் நாலடி.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த மடுத்தீன்
"நாலடியோ? ஒருக்காத் திரும்பப் பாருங்கோ அண்ணை" என்றான்.
பார்த்தேன்.
நாலடி இரண்டங்குலம்.

தாளைமுனைச் சந்தியாகுமையோர் கோயில்
இருபத்தேழு வருஷம் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது.
உள்ளே சீமெந்து மூட்டை அடுக்கினவர்கள்
பீடத்துக்கு நேர்மேலே கலண்டருக்கு ஓர் ஆணி அறைந்திருக்கிறார்கள்.
ஆணி இருக்கிறது.
ஓடு இல்லை, பனங்கைமரத்தில் ஒன்றுகூட இல்லை.
வளைவுகள் ஐந்தும் இருக்கின்றன,
தாங்க ஒன்றுமில்லாமல்
தாங்குகிற பாவனையில்.

ஏழாம் நிரல்: கட்டடப் பாணி.
கந்தோருக்குப் புதிதாய் வந்த பொறியியலாளர் சகிலா
படத்தைப் பெருப்பித்துப் பார்த்து
"ரோமனெஸ்க்" என்றாள்.
"அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்ன யன்னல்.
ஐரோப்பாவில ஆயிரம் வருஷப் பழசு. எழுதுங்கோ."

எழுதலாம்.
ஆனால் இது முருகைக்கல்,
கடலுக்குள் உயிரோடு கிடந்தது.
உளி பட்டால் பாண்போல் உதிரும்,
மெல்லிசாய் எழுப்பினால் ஒரு மாரி தாண்டாது.
அதனால் நாலடி.
வாடைக்காற்று உப்பை அள்ளி எறிகிற பக்கம்
யன்னல் ஒரு முழத்துக்குமேல் துணியவில்லை.
கூர்வளைவுக்கு இரண்டு மையம் பார்க்கவேணும்;
இதற்கு ஒரு முளை போதும், ஒரு கயிறு போதும்.
வலைகாரர் ஊரில் கயிற்றுக்கா பஞ்சம்.

மடுத்தீன் பிறந்தது மல்லாகம் முகாமில்.
இந்தக் கோயிலை அவன் முதன்முதல் கண்டது போன மாசம்.
என்றாலும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான்:
பறங்கி கட்டினதாம், ஒல்லாந்தன் பூட்டினதாம்,
பூட்டைத் திறந்து பள்ளிக்கூடம் வைத்து
வராத பிள்ளைகளின் தகப்பன்மாருக்குக் குற்றப்பணம் போட்டதாம்.
கோவையிலிருந்து வந்த குருவானவர் ஒருவர்
சுறாவலைக்கு அடியில் பகல் முழுக்கப் படுத்திருந்து
இருட்டியபின் எழும்பிப் பூசை வைத்ததாம், மீன் நாற்றத்தோடு.
எந்தத் தோம்பில் இருக்கிறது என்று கேட்டேன்.
"தோம்பு அவையின்ர கணக்கு அண்ணை,
இது எங்கட."

மூன்றாம் வளைவின் உச்சிக்கல் மட்டும் நிறம் வேறு.
ஏணி வைத்து ஏறினான். சுரண்டினான்.
வெள்ளை, நீலம், பிறகும் வெள்ளை,
சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காய் அவன் தலையில் விழுந்தது.
கடைசியில் கருங்கல்.
கல்லில் இதழ்கள்.
இரண்டு வரிசை, தலைகீழாய்.

எனக்குத் தெரியும் அந்த இதழ்.
எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி வரும்போது
இடுப்பளவில் கூடவே வருவது.
அவனுக்கும் தெரிந்திருந்தது.
ஏணியில் நின்றபடி என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"எடுக்கலாமோ?"
"எடுத்தால் வளைவு விழும்."
"எடுத்து எங்க கொண்டுபோய் வைக்கிறது?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஒரு காகம் சுவரில் வந்திருந்து
எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனது.

படம் கீறவேண்டியிருந்தது.
என் கைக்கு நிமிர்ந்த தாமரைதான் வரும்.
மூன்று தரம் அழித்தபின்
கடதாசியைத் தலைகீழாய்த் திருப்பிப் பிடித்து
இதழ்களை நேராய்க் கீறினேன்.
அப்போது வளைவு முழுக்கக் கவிழ்ந்து
ஒரு வள்ளமாய்க் கிடந்தது,
அடிமரத்தில் பூ விரிந்து.

மடுத்தீனுக்குக் காட்டினேன்.
"கடலுக்கு இறக்கலாம்போல" என்றான்.
தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு
நாடாவைச் சுருட்டத் தொடங்கினான்.

மற்ற நிரல்கள் எல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.
ஏழாவதில் சகிலா பென்சிலால் எழுதியிருக்கிறாள்.
அழிக்கவில்லை.
மையால் மேலே எழுதவும் இல்லை.