கைச்செருப்பு

ராணிப்பேட்டை சிப்காட், இரண்டாவது ஷெட்.
அட்டைப்பெட்டிகளின் வயிற்றில் நீல மை:
ஹாண்ட்ஷூ.
ஆயிரத்து இருநூறு ஜோடி, ஹாம்பர்க் போகிறது.

"இன்னா எழுதிக்கீது? எஸ்ஸுக்கும் ஹெச்சுக்கும் நடுவுல
சி ஒண்ணு வந்து குந்திக்கீது, தப்பு" என்றாள் ஷகீரா.

பேக்கிங் முதஸ்ஸிர்
ஞாயிறுதோறும் வேலூர் போய் ஜெர்மன் படிக்கிறவன்.
வகுப்பில் நர்ஸ் பெண்கள் இருபது பேர்,
பையன் அவன் ஒருவன்.
தப்பில்லை என்றான்.
ஹாண்ட், கை. ஷூ, ஷூவேதான்.
கைச்செருப்பு.

பதினாறு மெஷினும் நின்றுவிட்டன சிரிப்பில்.
அப்போ தொப்பி தலைச்செருப்பா?
கைகுலுக்கும் முன்னே வாசலில் கழட்டணுமா?

நான் விரலிடுக்குத் துண்டு தைப்பவள்.
சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே
கிழிசல் மாதிரி ஒல்லியான ஆட்டுத்தோல்.
சிரித்தால் ஊசி விலகும்.
நிறுத்திவிட்டுச் சிரிக்கலாம் என்று நிறுத்தினேன்.
வரவில்லை.

பாட்டா, ஒன்பதாம் நம்பர்,
டேனரியில் போனஸ் வந்த வருஷம் அப்பா வாங்கியது.
ஏரிக்கரை முடிந்து மேலத்தெரு தொடங்கும் இடத்தில்
சைக்கிளைவிட்டு இறங்குவார், குனிவார்,
வலது கையில் ஹேண்டில்பார்,
இடது கையில் இரண்டும்.
முப்பத்தெட்டு வீடு.
பிள்ளையார் கோயில் தாண்டியதும்
மறுபடி காலுக்கு வரும்.
ஜெர்மன் வகுப்புக்குப் போகாமலே
அவர் கையில் இருந்தது அந்தக் கூட்டுச்சொல்.

அடுத்த திங்கள் முதஸ்ஸிர் புதுசாக ஒன்று கொண்டுவந்தான்.
ஷூவின் வேரைத் தோண்டிப்போனால்
அடியில் 'மூடுவது' என்று கிடைக்குமாம்.
நிச்சயமில்லையாம், டீச்சர் சொன்னாராம்.

"மூடுறதுன்னா உறை.
அப்போ அது கையுறை.
இதுக்கா அவ்ளோ தூரம் சுத்தினே?"
ஷகீராவுக்கு ஏமாற்றம்.

எனக்கு உறையிலேயே நின்றுவிட்டது மனசு.
கத்திக்குப் போட்டால் உறை. பாலுக்கு ஊற்றினாலும் உறை.
பனிக்கட்டி உறையும்,
ஊரில் கடவுள் உறைவார்.
அப்பா உறைந்ததும் அதே ஊர்தான்,
எந்த உறைதல் என்று
நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பெட்டிக்கு ஒரு ஜோடி குறைந்தது.
அளவு ஒன்பது.
ஓடிப்போய் எடுத்து, இடதையும் வலதையும்
நூலால் சேர்த்துக் கட்டி,
திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்:
இடது கையில் பிடித்திருந்தேன்,
உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி,
யார் கண்ணிலும் படாத மாதிரி.

"சீக்கிரம், லாரி ஆறு மணிக்கு" என்றான் முதஸ்ஸிர்.