பதினோரு நிமிடம்

மின்கட்டணம் வந்த உறையின் முதுகில்
சனிக்கிழமையை எழுதுகிறாய், லாக்லன்.
கிளாஸ்கோ சென்ட்ரலில் எட்டு ஐம்பதுக்கு ரயில்.
"எட்டரைக்கே போய்விடலாம், ஐல்சா,
கடல் பக்க ஜன்னல் கிடைக்கும்.
இடது பக்கம்."
பத்து வயதில் போன ஞாபகமாம்.
நான் மறுக்கவில்லை.

வீம்ஸ் பேயில் இறங்க ஒன்பது நாற்பத்தெட்டு.
படகு ஒன்பது ஐம்பத்தொன்பது.
நடுவில் பதினோரு நிமிடம்.
உன் பேனா அங்கே நின்றுவிட்டது.
மேசைக்கடியில் உன் கை
புது முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறது,
புதிதாய்க் குடிவந்தவனை நோட்டம் விடும்
வீட்டுக்காரனைப் போல.

"அடுத்த படகுக்கே போவோமே?"
அடுத்த படகென்றால்
ராத்ஸேயில் மீன் கடை வரிசை
வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும்.
பதினோரு நிமிடம் போதும் என்கிறேன்.
எப்படித் தெரியும் என்கிறாய்.
தெரியும் என்கிறேன்.

செவ்வாய்க்கிழமை
நான் பல் டாக்டரிடம் போகவில்லை.

வீம்ஸ் பே நிலையத்தில்
டிக்கெட் அறையின் தலையிலிருந்து
இரும்பு விலாக்கள் குடையாய் விரிந்து
கண்ணாடி வானத்தைத் தாங்கி நிற்க
அண்ணாந்து பார்க்காமல்
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தேன்.
வலது காலை இழுத்து, ஊன்றி,
நீ நிற்கக்கூடிய இடங்களில் நின்று.
நீ நிற்பதாக ஒப்புக்கொள்ள மாட்டாய்.
எதையோ பார்ப்பதாக பாவனை செய்வாய்.
நானும் ஒரு பூந்தொட்டியைப் பார்த்தேன்.
வளைந்து இறங்கும் சரிவுப் பாதையில்
கைப்பிடி எங்கே தொடங்குகிறது,
எங்கே ஈரம் வழுக்குகிறது,
எல்லாம் பார்த்தேன்.

சீருடை அணிந்த பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.
சக்கர நாற்காலி கொண்டுவரட்டுமா?
வேண்டாம்மா,
இது என் வீட்டுக்காரருடைய கால் என்றேன்.
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஏழு நிமிடம் இருபது நொடி.
திரும்ப மேலேறி
இன்னொரு முறை இறங்கினேன்,
நடுவழியில் ஒரு சின்னச் சண்டைக்கும்
இடம் விட்டு.
ஒன்பது.

படகு வந்து வாயைத் திறந்தது.
ஒரு ரொட்டி வண்டி, இரண்டு லாரி,
நாய் பிடித்த பாதிரியார் ஒருவர்,
எல்லாரையும் விழுங்கிக்கொண்டு போயிற்று.
பணம் இருந்தது. ஏறியிருக்கலாம்.
முப்பத்தைந்து நிமிடக் கடல்.
அதை உனக்கு முன்னால் பார்த்துவிட்டால்
சனிக்கிழமை என் முகத்துக்கு
ஆச்சரியப்படத் தெரியாது.
மழைக்குள் பாதி தெரிந்த தீவுக்கு
முதுகைக் காட்டி நின்று
முட்டை சாண்ட்விச் ஒன்றைத் தின்றேன்.
கடற்காகம் ஒன்று பங்கு கேட்டது,
கேட்டது என்ன, எடுத்துக்கொண்டது.

இப்போது நீ
'மழை வந்தால்' என்று எழுதி
அடித்துவிட்டு
'மழை வரும்போது' என்று திருத்துகிறாய்.
ராத்ஸே துறையில்
விக்டோரியா காலத்து ஆண்கள் கழிப்பறை ஒன்று,
பளிங்கும் பித்தளையுமாய் அரண்மனை மாதிரி,
அதை நான் பார்த்தே ஆகவேண்டுமாம்.
ஆளில்லாத நேரத்தில் பெண்களையும் விடுவார்களாம்.
பத்து நிமிடம் ஒதுக்குகிறாய்.
கால் கழுத்தறுத்தால் உட்கார ஒரு பெஞ்ச்,
அதற்கு நேரம் குறிக்கவில்லை.
அந்த வரியை மட்டும் சிறிய எழுத்தில் எழுதுகிறாய்.

ஃபிளாஸ்க் எங்கே இருக்கிறது,
கடைசிப் படகு எத்தனை மணிக்கு,
உன் அக்கா மோர்னாவிடம் சொல்ல வேண்டுமா
(வேண்டாம், கூட வந்துவிடுவாள்)
என்று போய்க்கொண்டிருந்த பேச்சில்
தலை நிமிராமலே சொல்கிறாய்:
"நீ முதலில் ஏறி
இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடு."

"வலது" என்றேன்.
யோசிக்காமல்.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.
நீ என்னைப் பார்த்தாய்,
பிறகு கதவில் தொங்கும் என் கோட்டை,
அதன் தோளில் காய்ந்துபோன
வெள்ளைப் பறவை எச்சத்தை.

"பல் எப்படி இருக்கிறது?"
"பரவாயில்லை."

இடதை அடித்துவிட்டு
வலது என்று எழுதுகிறாய்,
பேனா உறையைத் தாண்டி
மேசையில் பதியும்படி.