போட்டது போட்டபடி

காலை எட்டரைக்கு செலினுந்தேயில் வேனை நிறுத்தினேன்.
ஆறு பேர், நான்கு தொப்பி, அதில் அழுகிற பையன் ஒருவன்.
இது எந்தக் கடவுளின் கோயில் என்றார்கள்.
நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான்
பஸ் தடம் போல எழுத்து வைத்திருக்கிறார்கள்:
சி, ஈ, ஜி.
ஈ நிற்கிறது, தூக்கி நிறுத்தினார்கள்.
ஜி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
தூரினோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஓர்னெல்லா
உருண்டு கிடந்த தூண் துண்டுகளைச் சுற்றிவந்து
"எல்லாம் கடைவாய்ப் பல்" என்றாள்.
பத்து வருஷமாகப் பார்க்கிறேன்,
இனி எனக்கும் அப்படித்தான் தெரியும்.

பசி பேச்சைக் குறைத்தது.
கஸ்தெல்வெத்ரானோவில் பார்த்தலோவின் அடுப்பு.
ஒலிவக் கிளை எரிந்த சூடு,
வேன் கதவு திறக்குமுன்பே எள் வாசனை.
கறுப்பு ரொட்டி மூன்று கேட்டேன், நான்கு கொடுத்தான்,
காசு வாங்கவில்லை.
போன மாதம் அவன் தம்பியை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக்
கொண்டுபோனது இந்த வேன்தான்.
அந்த இருக்கையில்தான் தொப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் குசா.
அங்கே கோயில் இல்லை, கோயிலுக்கான கல் இருக்கிறது.
பாறையிலேயே தூண்கள்,
சுற்றிலும் ஓர் ஆள் குந்தி உளி அடிக்க இடம் விட்டு,
அடி மட்டும் இன்னும் அறுபடாமல்.
கார்த்தேஜ் படை வருகிறதென்று
யாரோ மூச்சிரைக்க வந்து சொல்லியிருக்க வேண்டும்.
அன்றோடு சரி.
இரண்டாயிரத்து நானூறு வருஷமாக
வேலை போட்டது போட்டபடி.
இதை வாரம் நாலு முறை சொல்கிறேன்.
சொன்ன வாயோடு
"சாப்பிடலாமா?" என்பேன்.

மரத்தடியில் துணி விரித்தேன்.
ரொட்டியைக் குறுக்கே பிளந்து
எண்ணெய், தக்காளி, நெத்திலி, ஆட்டுப்பால் சீஸ்,
மேலே ஓரிகானோவைக் கசக்கித் தூவி.
பையன் அழுகையை விட்டுவிட்டு
முழங்கை வரை வழிந்த எண்ணெயை நக்கினான்.
இரண்டாவது ரொட்டியில் கத்தி பாதி இறங்கியபோது
காவலர் ஜிரோலமோ ஓடிவந்தார்.
அவர் ஓடி நான் பார்த்ததில்லை.
"வீத்தா, தீ! கம்போபெல்லோ பக்கம்.
காற்று இங்கே திரும்புகிறது."

எதையும் மடிக்கவில்லை.
ஒரு செருப்புக்கூட அங்கேயே.
பின்கண்ணாடி முழுக்கப் புகை,
வேனுக்குள் பூண்டு மணம்,
மென்றுகொண்டிருந்ததை யாரும் விழுங்கவில்லை.
எட்டாவது கிலோமீட்டரில்
ஓர்னெல்லா மெல்லக் கேட்டாள்:
"கத்தியை எடுத்தீர்களா?"

காற்று மனம் மாறியது. தீ சாலையைத் தாண்டவில்லை.
மறுநாள் காலை தனியாகப் போனேன்.
துணி இருந்தது, செருப்பு இருந்தது.
ரொட்டியை எறும்பும் பறவையும் பங்கிட்டு
அடிப்பொறுக்கை மட்டும் விட்டிருந்தன,
அதில் கத்தி, சாய்ந்து, எண்ணெய்ப் பசையோடு.

உளியைப் போட்டு ஓடியவன்
திரும்பி வந்து பார்த்தானா என்று
அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கத்தியைப் பாவாடையில் துடைத்தேன்.
பதினோரு மணிக்கு அடுத்த ஆறு பேர்.